கணவாய் ஓடு ஏன் மிதக்கிறது?



ஒரு வாளித் தண்ணீரில் இந்தப் பேச்சைத் தொடங்கலாம். எல்.கே.ஜி. வகுப்பு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தரையில் ஒரு பழைய போர்வை, அதன் நடுவே வாளி, சுற்றிலும் நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். ஆசிரியை ஒரு கூடையைத் திறக்கிறார். அதில் ஒரு சங்கு, ஒரு பிடி சோழி, ஒரு சிப்பி, வெள்ளை வெளேரென்று ஒரு கணவாய் ஓடு. எதையும் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் "முங்குமா, மிதக்குமா?" என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். சங்கு முங்குகிறது. சோழி முங்குகிறது. சிப்பி கொஞ்சம் அசைந்தாடிவிட்டு முங்குகிறது. மூன்று முறையும் சரியாகச் சொல்லிவிட்ட தைரியத்தில் வகுப்பே ஒரே குரலில் "முங்கும்!" என்று கத்துகிறது. கணவாய் ஓடு காகிதக் கப்பல் மாதிரி மேலேயே நிற்கிறது.

ஒரு நொடி யாரும் பேசுவதில்லை. பிறகு இருபது கைகளும் வாளிக்குள் பாய்கின்றன. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் மேலே வருகிறது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. முகர்ந்தால் லேசாக மீன் வாடை. "ஏன் மிஸ் முங்கல?" என்ற கேள்வி அதற்கப்புறம் தானாக வரும். யாரும் கேட்கச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதிலும் அந்தப் பிள்ளையின் கைக்குள்ளேயே இருக்கிறது. கணவாய் உயிரோடிருக்கும்போது இந்த ஓடு அதன் உடலுக்குள் இருப்பது. மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்பு, தகடுகளுக்கு நடுவே நுண்ணிய அறைகள். அறைகளில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டியும் குறைத்தும் கணவாய் தனக்கு வேண்டிய ஆழத்தில் நின்றுகொள்கிறது. உடைந்த ஓட்டின் ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடியில் காட்டினால் அடுக்குகள் தெரியும். "உள்ளே குட்டிக் குட்டி ரூம் இருக்கு, அதுல காத்து இருக்கு" என்ற அளவில் நான்கு வயதுக்கு விஷயம் முடிந்தது. சென்னைக் கடற்கரையிலும் ராமேசுவரத்திலும் இது கரையில் ஒதுங்கிக் கிடக்கும். சேலத்திலோ தருமபுரியிலோ இருக்கும் ஆசிரியை நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் போதும்.

கடலைப் பற்றி மழலையர் வகுப்பில் நடப்பதாக நாம் காண்பது பெரும்பாலும் வேறு. சுவரில் ஒரு வண்ணப் படம். அதில் டால்ஃபின், எட்டுக்கால் ஆக்டோபஸ், சிரிக்கும் சுறா. கையில் ஒரு தாள், அதில் கோட்டுக்கு வெளியே போகாமல் நட்சத்திர மீனுக்கு மஞ்சள் அடிக்க வேண்டும். ‘நீல வண்ண நாள்’ அன்று எல்லோரும் நீலச் சட்டை போட்டு வர வேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். ஆனால் கடல் அந்த அறைக்குள் வரவே இல்லை. பிள்ளை பெயரைக் கற்றது, பொருளைத் தொடவில்லை.

கிண்டர்கார்டன் என்ற ஏற்பாடு பிறந்ததே இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில், 1837-இல் ஃபிரெட்ரிக் ஃபுரோபெல் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார். அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தது புத்தகம் அல்ல. நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை. உருட்டினால் உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளை இரண்டும் செய்யும். இவ்வளவு சாதுவான கல்விமுறையை 1851-இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. தடை நீங்கியது 1860-இல். அதைப் பார்க்க ஃபுரோபெல் இல்லை, 1852-லேயே இறந்துவிட்டார்.

கையால் கற்பது என்று பேசினால் மரியா மாண்டிசோரியும் வருவார். அவர் 1939-இல் சென்னைக்கு வந்தவர். அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள தியசாபிகல் சொசைட்டி தோட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பா திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். இடையில் கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் குழந்தைகள் செடிகொடிகளோடும் பூச்சிகளோடும் பழகுவதைக் கூர்ந்து பார்த்தார். இயற்கையைக் கல்வியின் நடுவில் வைக்கும் அவருடைய பிற்காலச் சிந்தனை அந்த ஆண்டுகளில் வளர்ந்தது.

இவர்கள் இருவரையும்விட இன்றைய பொருளுக்கு நெருக்கமானவர் ஒரு தையல்காரப் பெண். ழான் வில்ப்ரே பவர் பிரான்சின் உள்நாட்டுக் கிராமத்தில் 1794-இல் பிறந்தவர். பாரிசில் தையல் வேலை செய்து, மணமாகி, சிசிலித் தீவின் மெசினா நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே கடலில் ஆர்கோனாட் என்றொரு உயிர் உண்டு. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. காகிதம் போல் மெல்லிய, அழகான ஓட்டுக்குள் வாழ்வது. அந்த ஓடு அதற்குச் சொந்தமா, துறவி நண்டு காலிச் சங்குக்குள் குடியேறுவது போல இதுவும் யாருடைய வீட்டையோ பிடித்துக்கொண்டதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். வில்ப்ரே பவர் வாதாடவில்லை. 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீர் ஊற்றி, ஆர்கோனாட்டை அதில் வளர்த்தார். குஞ்சுப் பருவத்திலிருந்து ஓடு உருவாவதைக் கவனித்தார். ஓட்டின் ஓரத்தை உடைத்துவிட்டுப் பார்த்தார். அந்த உயிர் தன் உடலிலிருந்தே பொருளைச் சுரந்து உடைசலை ஒட்டிக்கொண்டது. கிழிசலைத் தைக்கத் தெரிந்த கைகளுக்கு அந்த ஒட்டு எப்படிப் பட்டிருக்கும்! இன்று நம் வீட்டு வரவேற்பறையில் நிற்கும் மீன் தொட்டியின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

வாளியில் கணவாய் ஓட்டை அழுத்திப் பார்க்கும் பிள்ளை செய்வதும் அதேதான்.

ஆனால் கையால் செய்கிறோம் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. கை தொடுவது கடலுக்கு உண்மையாக இருக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு முட்டைச் சோதனை. கடல் பாடம் என்றாலே பல வகுப்புகளில் இரண்டு டம்ளர் வரும். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். முதலாவதில் முட்டை மூழ்கும், இரண்டாவதில் மிதக்கும். "பார்த்தீங்களா, இதான் கடல் தண்ணி!" என்று முடிப்பார்கள். மெரினாவிலிருந்து ஒரு குடம் கடல்நீர் கொண்டுவந்து புது முட்டையைப் போட்டுப் பாருங்கள். மூழ்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. புது முட்டை மிதக்க அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு உப்பு வேண்டும். டம்ளரில் ஆசிரியை கரைத்தது கடல் அல்ல.

அதற்காகச் சோதனையைக் கைவிட வேண்டாம். மூன்று டம்ளர் வைக்கலாம். முதலாவது குடிதண்ணீர். இரண்டாவதில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு, இது கடல். மூன்றாவதில் கரைகிற மட்டும் உப்பு, இது உப்பளத்துப் பாத்தி. தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் கடல்நீர் வெயிலில் வற்றி வற்றி இந்த நிலைக்கு வந்துதான் உப்பாக விளைகிறது. முட்டை மூன்றாவதில் மட்டும் மிதக்கும். இரண்டாவது டம்ளரிலிருந்து 100 மில்லிலிட்டரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி மாடி வெயிலில் வைத்தால், தண்ணீர் போனபின் அரைத் தேக்கரண்டி அளவு உப்பு மிஞ்சும். தினமும் தட்டை எட்டிப் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. சாம்பாரில் போடும் உப்பு எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த டம்ளர்களில் நீலச் சாயம் கலக்கும் வழக்கத்தை மட்டும் ஆசிரியர்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். உள்ளங்கையில் அள்ளிய கடலுக்கு நிறமில்லை. கரையில் நின்றால் நீலம், கையில் அள்ளினால் தெளிவு. இந்த வியப்பைச் சாயம் தின்றுவிடுகிறது.

வெளிநாட்டுச் செயல்பாட்டு நூல்களிலிருந்து வந்து சேர்ந்த இன்னொன்று திமிங்கலக் கையுறை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, இரண்டுக்கும் இடையே வனஸ்பதி. பைக்குள் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் முக்கினால் குளிர் உறைக்காது, வெறுங்கையை முக்கினால் சில நொடிக்கு மேல் தாங்காது. திமிங்கலத்தின் தோலுக்கடியிலுள்ள கொழுப்புப் படலம் செய்யும் வேலை இது. நல்ல செயல்பாடுதான், பிள்ளைகள் வாய்விட்டுக் கத்துவார்கள். ஆனால் படத்தில் பனிமலையைக் காட்டி ‘துருவக் கடல்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால் திமிங்கலம் யாருடைய ஊரிலோ வாழும் விலங்காகிவிடும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்களும் அதிகாரிகளும் சேர்ந்து அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட இரவும் பகலும் போராடினார்கள். பலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. ஆக, நம் கடலிலும் திமிங்கலம் உண்டு. நம் கடல் வெதுவெதுப்பானதாயிற்றே, அதற்கு எதற்குக் கொழுப்பு? காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஆழத்தில் போகப்போக நீரும் குளிரும். கிணற்றில் அதிக நேரம் குளித்துவிட்டு உதடு நடுங்க ஏறிய பிள்ளைக்கு இது உடனே புரியும்.

நம் கரைக்கே உரிய பாடம் ஒன்று இருக்கிறது. பங்குனி ஆமை.

ஆலிவ் ரிட்லி என்று உலகம் சொல்லும் ஆமைக்கு நம் மீனவர் வைத்த பெயர் அது. தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறுக்கு மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிவிடும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி முழுக்க நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைத்துக் காத்துவருகிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளிவரும். மாலை வேளையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது ஊரே கூடும். அங்கே பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டும் அப்பாக்களை நிறையப் பார்க்கலாம்.

வகுப்பறையில் இதற்கு வேண்டியது மணல் தொட்டியும் மேசைப் பந்துகளும். ஆமை முட்டையும் மேசைப் பந்தும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் 4 சென்டிமீட்டர் குறுக்களவு. இரண்டும் வெள்ளை. பிள்ளைகள் கைகளையே துடுப்பாக்கி, முழங்கை ஆழத்துக்குக் குழி பறிக்கிறார்கள். பந்துகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாத வயது, ஆனாலும் குழி நிறைய நிறைய "இன்னும் இருக்கா?" என்று கேட்பதில் நூறு என்பது எவ்வளவு என்று உடம்புக்குப் புரிகிறது. மூடுகிறார்கள், தட்டிச் சமன் செய்கிறார்கள். மறுநாள் ஜன்னல் திரையை இறக்கி அறையை இருட்டாக்குகிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் இப்போது குஞ்சுகள், வயிற்றால் தவழ வேண்டும். ஒரு மூலையில் மங்கலான வெளிச்சம், அது கடல். இன்னொரு மூலையில் ஆசிரியை ஒரு டார்ச்சைப் பளிச்சென்று போடுகிறார். பாதிக் குஞ்சுகள் டார்ச்சை நோக்கித் திரும்பிவிடும். கடற்கரைச் சாலையின் விளக்குகள் நிஜக் குஞ்சுகளுக்குச் செய்வது இதுதான். டார்ச்சை அணைத்ததும் எல்லாம் சரியான பக்கம் திரும்பும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆமைக்கு அடுத்து ஆவுளியா. பாக் விரிகுடா மீனவர்கள் கடற்பசுவை அப்படித்தான் அழைக்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும். யு.கே.ஜி. பிள்ளைகள் எடை பார்க்கும் நாளில் இதைச் சேர்த்துவிடலாம். ஒரு பிள்ளையின் எடை 17, 18 கிலோ இருக்கும். இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தினால் ஆவுளியாவின் ஒருநாள் சாப்பாடு. கீரைக்கட்டு ஒன்றைத் தராசில் வைத்து, இன்னும் எத்தனை கட்டு வேண்டுமென்று பார்த்தால் வகுப்பே சிரிக்கும். கடலுக்குள் அவ்வளவு பெரிய புல்வெளி இருந்தாக வேண்டும் என்பதும் அந்தச் சிரிப்போடு உள்ளே போகும்.

மீனுக்கு வருவோம். ஜப்பானிய மீன் பிடிப்பவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தாங்கள் பிடித்த மீனின் மேல் மை தடவி, தாளை அழுத்தி, அச்சு எடுத்து வைத்துக்கொண்டார்கள். கியோதாக்கு என்று அதற்குப் பெயர். பிடித்த மீனின் அளவுக்கு அது சாட்சி, மறுநாள் மீன் குழம்புக்கும் போகலாம். ஒரு சங்கரா மீனை வாங்கி, கழுவித் துடைத்து, சாப்பிடத்தக்க வண்ணத்தைப் பூசி, தாளை வைத்து விரலால் நீவினால், செதில் வரிசை வரிசையாகப் பதிகிறது. செவுள் மூடி, துடுப்பு முள், உடல் நெடுக ஓடும் பக்கக் கோடு எல்லாம் தெரிகிறது. எந்தச் சுவர்ப் படமும் காட்டாத விவரம். பிள்ளை நீவும்போது தலையிலிருந்து வாலுக்கு வழவழப்பாகவும், வாலிலிருந்து தலைக்குச் சொரசொரப்பாகவும் இருப்பதைக் கை கண்டுபிடித்துவிடும். 

மீன் சந்தைக்கு அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. நம் மீன் பெயர்களே பாதிப் பாடம். வவ்வால் மீனை விரித்துப் பார்த்தால் பெயரின் காரணம் தெரியும். வாளை மீன் வாளேதான். நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். சொறி மீன் உடலில் பட்டால் என்ன ஆகும் என்று பெயரே எச்சரிக்கிறது. நூறு தலைமுறையாகக் கடலைத் தொட்டுப் பழகியவர்கள் வைத்த பெயர்கள் இவை. ‘ஜெல்லிஃபிஷ்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இவற்றை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

கடலோரக் குப்பங்களின் அங்கன்வாடிகளில் நிலைமை தலைகீழ். அங்கே ஆசிரியைக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரியும். கொண்டல் கிழக்கிலிருந்து வரும், வாடை வடக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. அப்பா காலையில் வாசலில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்வதை அது கேட்டிருக்கிறது. ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி முற்றத்தில் நட்டுவைத்து, "இன்னைக்கு என்ன காத்து?" என்று அந்தப் பிள்ளையையே கேட்க வேண்டும். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டபோது ஏழைப் பிள்ளைகளுக்கும் மழலையர் வகுப்பு கிடைத்தது. அந்த வகுப்பில் உட்காரும் மீனவப் பிள்ளை, தனக்குத் தெரிந்தது எதுவும் பாடமில்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஆர்வத்தில் உயிருள்ள எதையும் பாட்டிலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. சாயங்காலத்துக்குள் அது செத்துவிடும், பிள்ளைகள் கற்பது அதைத்தான். கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. காய்ந்து போனதாக இருந்தாலும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். உயிருள்ள கூம்புச் சங்குக்கு விஷ ஊசி உண்டு, கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும். ஆகவே கரையில் பிள்ளை எதையும் எடுக்கும் முன் ஆசிரியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். உள்ளே யாராவது குடியிருந்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். துறவி நண்டுக்கு நாம் எடுத்து வந்த காலிச் சங்கும் ஒரு வீடுதான். பை நிறைய அள்ளாமல் ஆளுக்கு ஒன்று போதும்.

‘நம்மைச் சுற்றியுள்ள கடல்’ என்ற நூலால் 1951-இல் புகழ்பெற்ற ரேச்சல் கார்சன், தம் அக்கா மகளின் பிள்ளையான ராஜரை இருபது மாதக் குழந்தையாக இருந்தபோதே ஒரு மழை இரவில் போர்வையில் சுற்றி மெய்ன் மாநிலக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றார். இருட்டில் அலை இரைந்தது, நுரை பறந்தது, இருவரும் சிரித்தார்கள். இன்னோர் இரவு டார்ச் அடித்து நண்டு தேடினார்கள். கடல் உயிரியல் படித்த அந்த அம்மையார் குழந்தைக்குப் பெயர்களைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமக்குப் பிடித்ததைப் பார்த்து வாய்விட்டு வியந்தார், அவ்வளவுதான். பிறகு பார்த்தால் பெயர்கள் எல்லாம் குழந்தைக்குத் தெரிந்திருந்தன. இதை 1956-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1965-இல், அது நூலாக வந்தது.

மெய்ன் கரை பாறைக் கரை. கடல் வற்றும்போது பாறை இடுக்குகளில் தேங்கும் குட்டைகளில் நட்சத்திர மீனையும் நத்தையையும் பார்க்கலாம். ஆங்கிலச் செயல்பாட்டு நூல்களில் அந்தக் குட்டைகள் அடிக்கடி வரும். நம் கரையோ பெரும்பாலும் மணல் கரை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராத நாட்களே அதிகம். அந்தக் குட்டைகளை இங்கே தேடி ஏமாற வேண்டாம். மணலும் நண்டும் இருக்கின்றன. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் காட்டும் ஒரு சிறுமி, தான் மணலில் செய்த பாவையை அலை கொண்டுபோனதால், கைம்மணலை வாரி வீசிக் கடலையே தூர்த்துவிடப் பார்க்கிறாள். இன்று எலியட்ஸ் கடற்கரையில் மணல் வீடு கட்டும் பிள்ளையும் அதைச் செய்யும். ஆசிரியை தடுக்காமல் கூடவே நின்று, வீட்டை அடுத்த முறை எங்கே கட்டினால் அலை தொடாது என்று கேட்கலாம். ஈர மணலின் கோட்டைப் பிள்ளை தேடத் தொடங்கும்.

கடைசியாக ஒரு யோசனை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது இன்னும் சில நாட்கள் மீதமிருக்கும். துறைமுகத்தில் படகுகள் வண்ணம் பூசி நிற்கும். நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். கடலோரப் பள்ளிகள் அந்த நாட்களில் ஒரு காலையை ஒதுக்கி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிச்செல்ல வேண்டும். வலையைத் தொட்டுப் பார்க்கட்டும். சின்னக் கண்ணுக்குள் ஒரு விரல் போகும், பெரிய கண்ணுக்குள் கையே போகும். எந்த மீன் மாட்டும், எந்த மீன் தப்பும் என்று அங்கே இருக்கும் தாத்தாவைக் கேட்கட்டும். அவர் வலை ஊசியைப் பிள்ளை கையில் கொடுத்து, தன் கையை அதன் மேல் வைத்து, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுவார்.